ஆர்ஜிபி ஃபேன்கள் கலவையாக இருந்தால்: அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

கேபினெட்டோடு வந்த 3 ஃபேன் ஒரு கம்பெனி, பிறகு வாங்கிச் சேர்த்த 2 ஃபேன் வேறு கம்பெனி, சிபியூ கூலரில் இருப்பது மூன்றாவது கம்பெனி. பல கம்ப்யூட்டர்களில் நிலைமை இதுதான். எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை, இன்னொன்று யார் பேச்சையும் கேட்காமல் வானவில் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆர்ஜிபி ஃபேன், அதாவது நிறம் மாறும் லைட் வைத்த ஃபேன், என்பது ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு தனிச் சாதனங்கள். மோட்டாருக்குத் தனி மின்சாரம், தனிக் கட்டுப்பாடு. லைட்டுக்குத் தனி மின்சாரம், தனிக் கட்டுப்பாடு. மோட்டாரின் கோளாறை லைட் சாஃப்ட்வேரில் தேடுவதும், லைட்டின் கோளாறுக்கு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) ஃபேன் வேகத்தைத் திருகுவதும்தான் நேரத்தைத் தின்னும். அறிகுறியைப் பார்த்ததும் முதல் கேள்வி: கோளாறு மோட்டாரிலா, லைட்டிலா?

கை வைப்பதற்கு முன்

ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்சை அணைத்து, பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் மதர்போர்டில் இருந்துகொண்டே இருக்கும். சில போர்டுகளில் அது லைட் ஹெடர் (பிளக் மாட்டும் பின் வரிசை) வரைக்கும் வரும்.

பிறகு ஒவ்வொரு ஃபேனிலிருந்தும் வரும் வயர்களைப் பிரித்துப் பாருங்கள்.

மோட்டார் பிளக்கில் 3 அல்லது 4 துளை இருக்கும். பின்களின் வரிசை: கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் டேக் சிக்னல், நான்காவதாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சிக்னல். 3 பின் ஃபேனின் வேகத்தை மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் மாற்ற முடியும்.

லைட் பிளக் மூன்று சாதி. முதலாவது சாதா ஆர்ஜிபி: ஒரே வரிசையில் 4 துளை, 12 வோல்ட், பச்சை, சிவப்பு, நீலம். இதில் ஃபேன் முழுவதும் ஒரு நேரத்தில் ஒரே நிறம்தான் வரும். இரண்டாவது ஏஆர்ஜிபி: 4 இடம் அகலம், ஆனால் மூன்றாவது இடம் அடைபட்டிருக்கும்; 5 வோல்ட், டேட்டா, வெற்றிடம், கிரவுண்ட். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் கொடுக்கலாம். மூன்றாவது, கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் பிளக்குகள். கோர்சேர், என்இசட்எக்ஸ்டி, லியான் லி ஆகியோரின் பல மாடல்கள் இந்த வகை. கேபினெட்டோடு வரும் மலிவு ஃபேன்களில் மோட்டாரும் லைட்டும் ஒரே 6 பின் பிளக்கில் வருவதும் இதில்தான் சேரும்.

மதர்போர்டில் ஹெடரின் பக்கத்திலேயே பெயர் அச்சாகியிருக்கும். எம்எஸ்ஐ போர்டில் 'ஜேஆர்ஜிபி' என்றால் 12 வோல்ட், 'ஜேரெயின்போ' என்றால் 5 வோல்ட். ஜிகாபைட்டில் 'எல்இடி_சி' 12 வோல்ட், 'டி_எல்இடி' 5 வோல்ட். அஸ்ராக்கில் 'ஆர்ஜிபி_எல்இடி' 12, 'ஏடிடிஆர்' என்று தொடங்குவது 5. பெயரைவிட நம்பகமானது பின்னை எண்ணுவது: 4 பின்னும் இருந்தால் 12 வோல்ட், நடுவே ஒன்று இல்லாவிட்டால் 5 வோல்ட்.

சாமானை நிஜமாகவே எரித்துவிடும் தவறுகளில் முக்கியமானது: 5 வோல்ட் ஏஆர்ஜிபி ஃபேனை 12 வோல்ட் ஹெடரில் மாட்டுவது. ஏஆர்ஜிபி எல்இடி ஒவ்வொன்றுக்குள்ளும் 5 வோல்ட்டுக்குச் செய்த குட்டி சிப் இருக்கிறது. 12 வோல்ட் பட்டதும் அது போய்விடும், திரும்ப வராது. அடைபட்ட துளை இதைத் தடுக்கத்தான். ஆனால் சில எக்ஸ்டென்ஷன் கேபிள்களிலும், ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களிலும் அந்த அடைப்பு இருக்காது. அங்கேதான் தவறு நடக்கிறது. நேர்மாறாக, 12 வோல்ட் பிளக் 5 வோல்ட் ஹெடரில் சுலபமாக ஏறிவிடும். எரியாது, அல்லது மங்கலாக எரியும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள், ஃபேனின் நிற வயர் ஒன்று போர்டின் டேட்டா பின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றவில்லை

பெரும்பாலும் மோட்டார் வயர் மாட்டப்படவே இல்லை. ஒரு ஃபேனுக்கு இரண்டு பிளக் என்பது முதல்முறை அசெம்பிள் செய்பவர்களுக்குத் தெரிவதில்லை. மாட்டியிருந்தால், இறக்கையில் வேறு வயர் சிக்கியிருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பயாஸில் 'ஃபேன் ஸ்டாப்' வசதி ஆன் ஆகியிருக்கும். சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைப்பது அதன் வேலை, கோளாறு அல்ல. வேகத்தை 100 சதவீதத்தில் வைத்தும் அசையாவிட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் வேறொரு ஃபேனின் ஹெடரில் மாற்றி மாட்டுங்கள். அங்கும் சுற்றவில்லை என்றால் ஃபேன்தான் போயிருக்கிறது.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரியவே இல்லை

இந்த வரிசையில் போனால் வீண் வேலை இருக்காது.

1. லைட் பிளக்கில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது ஹெடரில் 12 அல்லது 5 வோல்ட் என்று குறித்த பின்னுக்கு நேராக வர வேண்டும். 12 வோல்ட் பிளக்கைத் தலைகீழாகவும் மாட்ட முடியும். அப்படி மாட்டினால் எல்இடிக்கு மின்சாரம் எதிர்த்திசையில் போய் எதுவும் எரியாது. ஒரு பின் தள்ளி மாட்டியிருப்பதும் சகஜம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

2. நடுவில் ஹப் (பல ஃபேன்களைச் சேர்த்து மாட்டும் பெட்டி) இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அதற்கு வரும் சாட்டா பவர் கேபிள் மாட்டப்பட்டிருக்கிறதா? ஹப் மதர்போர்டிலிருந்து வாங்குவது சிக்னலைத்தான். எல்இடிக்கான 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிறது. சாட்டா இல்லாவிட்டால் இருட்டு, அல்லது ஏதோ பேய் பிடித்தது போல ஒரு மங்கலான துடிப்பு.

3. ஹப்பின் உள்ளீட்டு போர்ட்டிலும் வெளியீட்டு போர்ட்டிலும் ஒரே மாதிரி பின்கள் இருக்கும். மதர்போர்டிலிருந்து வரும் கேபிளை வெளியீட்டில் மாட்டியிருந்தால் எந்த ஃபேனும் எரியாது. ஹப்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

4. பயாஸில் ஆன்போர்டு எல்இடி அல்லது ஆர்ஜிபி செட்டிங் 'ஆஃப்' அல்லது 'ஸ்டெல்த்' நிலையில் இருக்கலாம். பல கேபினெட்களில் ரீசெட் பட்டனை லைட் பட்டனாக மாற்றியிருப்பார்கள். அதை நீண்ட நேரம் அழுத்தினால் லைட் அணைந்துவிடும். யாரோ தெரியாமல் அழுத்தியிருந்தால் திரும்ப அழுத்தினால் வரும்.

5. மல்டிமீட்டர் இருந்தால் கம்ப்யூட்டரை ஆன் செய்து ஏஆர்ஜிபி ஹெடரின் முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். பூஜ்யம் என்றால் முதலில் பயாஸ் செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள், பிறகு ஹெடரை. அளக்கும்போது முனை வழுக்கி இரண்டு பின்னைச் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். கை நடுங்கும் என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

கோர்சேரின் பழைய 6 போர்ட் எல்இடி ஹப்பில் தனியாக ஒரு பொறி உண்டு. அதில் ஃபேன்களை 1-ஆம் போர்ட்டிலிருந்து இடைவெளி விடாமல் வரிசையாக மாட்ட வேண்டும். டேட்டா ஒரு ஃபேனுக்குள் போய் வெளியே வந்து அடுத்ததுக்குப் போகிறது. 3-ஐக் காலியாக விட்டு 4-இல் மாட்டினால் 4 எரியாது. ஒரு சேனலில் இரண்டு வகை ஃபேனையும் கலக்கக் கூடாது: எல்எல் வகையில் 16 எல்இடி, க்யூஎல் வகையில் 34. பிளக் ஒன்றுபோல் பொருந்தினாலும் கணக்கு குழம்பிவிடும்.

6 பின் ஃபேன் என்றால் அதன் சொந்த ஹப்பில்தான் மாட்ட வேண்டும். இன்னொரு கம்பெனியின் 6 பின் ஹப்பில் பிளக் அச்சாகப் பொருந்தலாம். பின் வரிசை வேறாக இருக்கும். "சும்மா மாட்டிப் பார்ப்போம்" என்பது இங்கே வேண்டாம்.

எரிகிறது, ஆனால் சாஃப்ட்வேர் சொல்வதைக் கேட்கவில்லை

எல்லா ஃபேனும் வானவில்லில் சிக்கிக்கொண்டிருந்தால் ஹப் தன் சொந்த முறையில் ஓடுகிறது என்று அர்த்தம். ஹப்பில் உள்ள பட்டனை, அல்லது அதோடு இணைந்த கேபினெட் லைட் பட்டனை 3 முதல் 5 நொடி அழுத்திப் பிடித்தால் கட்டுப்பாடு மதர்போர்டுக்குப் போகும். ரிமோட் உள்ளவற்றில் மதர்போர்டு சிங்க் என்று ஒரு பட்டன் இருக்கும். அப்படிச் செய்ததும் ஃபேன்கள் இருண்டுபோனால் மதர்போர்டிலிருந்து ஹப்புக்கு வர வேண்டிய 3 பின் சிக்னல் கேபிள் இல்லை அல்லது தவறாக மாட்டியிருக்கிறது. இது பயனுள்ள சோதனையும்கூட.

சாஃப்ட்வேரின் பட்டியலில் கன்ட்ரோலரே தெரியாவிட்டால் யூஎஸ்பியைப் பாருங்கள். கன்ட்ரோலர் வகை ஹப்கள் மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் இணைகின்றன. பெரும்பாலான போர்டுகளில் இது இரண்டுதான் இருக்கும். ஒன்று கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுக்குப் போய்விடும், வாட்டர் கூலர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதுக்கு இடமில்லாமல் விட்டுவிட்டு ஏன் தெரியவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் உள் யூஎஸ்பி ஹப் கிடைக்கிறது. ஆடியோ ஹெடரும் 9 பின்தான், ஆனால் அதில் பின் இல்லாத இடம் வேறு. யூஎஸ்பி பிளக் அழுத்தினால்தான் போகிறது என்றால் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

நிறம் நீங்கள் வைத்ததுபோல் ஒரு நொடி வந்து வேறொன்றுக்கு மாறினாலும், இரண்டு நிறங்களுக்கு இடையே ஊசலாடினாலும் இரண்டு சாஃப்ட்வேர்கள் அடித்துக்கொள்கின்றன. ஆர்மரி கிரேட், ஐக்யூ, மிஸ்டிக் லைட், சிக்னல்ஆர்ஜிபி, ஓபன்ஆர்ஜிபி என்று லைட் சாஃப்ட்வேர் எத்தனை வைத்திருந்தாலும் ஒரு சாதனத்தை ஒன்றுதான் ஆள வேண்டும். விண்டோவை மூடினால் போதாது. இவற்றின் சர்வீஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாததை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் 2023-இல் சேர்ந்த டைனமிக் லைட்டிங்கும் இந்தச் சண்டையில் ஒரு ஆள்தான். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷனுக்குள் இருக்கிறது, அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஸ்பிளிட்டர் அல்லது சாதா ஹப்பில் மாட்டிய ஃபேன்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியவில்லை என்பது கோளாறே அல்ல. ஒரே சிக்னலைத்தான் எல்லா போர்ட்டுக்கும் நகல் எடுத்து அனுப்புகிறது. எல்லா ஃபேனும் ஒன்றையே செய்யும். தனித்தனியாக வேண்டுமானால் வெவ்வேறு ஹெடர் வேண்டும், அல்லது ஃபேன்களைத் தொடராக இணைக்கும் கன்ட்ரோலர் வேண்டும்.

ஒரு நிறம் மட்டும் வரவில்லை

12 வோல்ட் ஃபேனில் வெள்ளை கேட்டால் இளநீலம் வருகிறதா? சிவப்பு வயர் தொடர்பில் இல்லை. மஞ்சள் வந்தால் நீலம் இல்லை, ஊதா கலந்த இளஞ்சிவப்பு வந்தால் பச்சை இல்லை. வளைந்த பின், பிளக்குக்குள் பின்வாங்கிய உலோகத் துண்டு, இறுக்கி மடித்ததில் அறுந்த வயர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். நல்ல ஃபேனை அதே ஹெடரில் மாட்டினால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஏஆர்ஜிபியில் நிலைமை வேறு. எல்லா நிறமும் வருகிறது, ஆனால் சிவப்பு கேட்டால் பச்சை, பச்சை கேட்டால் சிவப்பு என்றால் நிற வரிசை மாறியிருக்கிறது. இந்த எல்இடிகளில் பல, தரவைப் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் எதிர்பார்க்கும். சாஃப்ட்வேரில் நிற வரிசையை மாற்றும் வசதி இருந்தால் மாற்றினால் தீர்ந்தது.

பாதி வட்டம் எரிகிறது, ஓடும் எஃபெக்ட் தடுமாறுகிறது

ஏஆர்ஜிபி ஹெடருக்கு அந்தப் பக்கம் எத்தனை எல்இடி இருக்கிறது என்று மதர்போர்டுக்குத் தானாகத் தெரியாது. பல போர்டுகளில் நாம்தான் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். 8 என்று வைத்திருந்து ஃபேனில் 16 இருந்தால் பாதி இருட்டு. 60 என்று வைத்து ஃபேனில் 16 இருந்தால் ஓடும் ஒளி ஃபேனைத் தாண்டி இல்லாத எல்இடிகளில் ஓடிவிட்டு, வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும்.

கலவையான ஃபேன்களில் எண்ணிக்கையை எப்படி வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். நகல் எடுக்கும் ஹப் அல்லது ஸ்பிளிட்டர் என்றால் கூட்டக் கூடாது. அதிக எல்இடி உள்ள ஃபேனின் எண்ணிக்கையை மட்டும் வையுங்கள். தொடராகப் போகும் இணைப்பு என்றால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு ஃபேனின் பின்னால் இன்னொன்றைக் கோக்கும் பிளக்கைப் பார்த்து இது தொடர்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பல ஃபேன்களில் அந்தப் பிளக் உள்ளே வந்த சிக்னலையே அப்படியே வெளியே கொடுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஓபன்ஆர்ஜிபியில் அந்த ஹெடரின் எண்ணிக்கையைப் பெரிதாக வைத்து, முதல் எல்இடிக்கு மட்டும் சிவப்புக் கொடுங்கள். இரண்டு ஃபேனிலும் ஒரு புள்ளி எரிந்தால் நகல். ஒன்றில் மட்டும் என்றால் தொடர். அப்படியே ஒவ்வொரு எல்இடியாக நகர்த்திக்கொண்டு போனால் எங்கே முடிகிறது என்பதும் கிடைத்துவிடும்.

நகல் இணைப்பில் 8 எல்இடி ஃபேனும் 16 எல்இடி ஃபேனும் சேர்ந்திருந்தால், சின்னது எஃபெக்டின் முதல் பாதியை மட்டும் காட்டும். இதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. வேறு ஹெடருக்கு மாற்றுங்கள், அல்லது முழு ஃபேனும் ஒரே நிறமாக மாறும் எஃபெக்டோடு திருப்தியடையுங்கள்.

எண்ணிக்கையை எவ்வளவு மாற்றினாலும் ஒரே இடத்தில் ஒளி நின்றுவிடுகிறதா? தரவு ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததுக்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. கடைசியாக எரிவதன் வெளியீடோ முதலில் எரியாததன் உள்ளீடோ போயிருக்கிறது. ஃபேனைத் திறந்து சால்டர் செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இதற்கு மேல் வழி.

மினுக்குகிறது, வெள்ளை கேட்டால் கடைசி ஃபேன் சிவக்கிறது

இரண்டும் பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறை. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டில் எரிந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறையக் குறைய முதலில் சோர்வது நீலமும் பச்சையும்தான், அதனால் வெள்ளை மஞ்சளாகி, பிறகு சிவக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 40 முதல் 60 மில்லிஆம்பியர். பொதுவாக ஹெடரின் வரம்பு 3 ஆம்பியர். அதனால்தான் எம்எஸ்ஐ தன் ஜேரெயின்போ ஹெடருக்கு முழு ஒளியில் 75 எல்இடி என்றும், 20 சதவீத ஒளியில் 200 வரை என்றும் சொல்கிறது. 18 எல்இடி ஃபேன் 6 மாட்டினால் 108 எல்இடி. 40 மில்லிஆம்பியர் வைத்தாலே 4.3 ஆம்பியர். சாட்டா பவர் உள்ள ஹப் வேண்டும். சோதிக்க ஒளியை 30 சதவீதமாகக் குறையுங்கள். மினுக்கல் நின்றால் பற்றாக்குறை உறுதி.

நிற்கவில்லையென்றால் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். பல கன்ட்ரோலர்கள் டேட்டாவை 3.3 வோல்ட்டில் அனுப்புகின்றன, எல்இடி 3.5 வோல்ட் அளவை எதிர்பார்க்கும் வகையாக இருந்தால் விளிம்பில்தான் ஓடுகிறது. அதன்மேல் இரண்டு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் தடுமாறும். கேபிளைக் குறையுங்கள்.

ஹப்புக்கு சாட்டா போதவில்லை என்று, எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய 4 பின் பிளக்கான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்கும்போது கவனம். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த, ஒரே கட்டியாக இருக்கும் வகையில் உள்ளே வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயர்கள் வெளியே தெரியும்படி கவ்விய வகையை எடுங்கள்.

ஃபேன் எப்போதும் முழு வேகம், அல்லது வேகம் 0 என்று காட்டுகிறது

3 பின் ஃபேன் ஒன்றை பிடபிள்யூஎம் முறையில் இருக்கும் ஹெடரில் மாட்டினால் முழு வேகத்தில் ஓடும். பயாஸில் அந்த ஹெடரை, மின்னழுத்தத்தால் வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். ஆனால் சாட்டா பவர் ஹப்பில் மாட்டியிருந்தால் இந்த மாற்றமும் பலிக்காது: அங்கே 12 வோல்ட் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிறது, 3 பின் ஃபேனுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்ல வழியே இல்லை. 4 பின் ஃபேன்களை ஹப்பில் விட்டு 3 பின் ஃபேன்களை மதர்போர்டுக்கே கொண்டுவாருங்கள். ஒரு ஹெடரில் பொதுவாக 1 ஆம்பியர். ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள், தொடங்கும்போது இழுக்கும் அளவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஆன் செய்ததும் 'சிபியூ ஃபேன் எரர்' வந்தால் சிபியூ ஃபேன் ஹெடருக்கு டேக் சிக்னல் வரவில்லை. ஹப்பில் ஒரே ஒரு போர்ட்டின் டேக் மட்டும்தான் மதர்போர்டுக்குப் போகும். அது 1-ஆம் போர்ட்டாகவோ நிறம் மாறிய போர்ட்டாகவோ இருக்கும். அது காலியாக இருக்கக் கூடாது.

ஷட் டவுன் செய்த பிறகும் லைட் எரிகிறது

பயாஸில் மின்சாரம் மிச்சப்படுத்தும் 'இஆர்பி' வசதியை ஆன் செய்தால் ஸ்டாண்ட்பை மின்சாரம் நின்றுவிடும். கூடவே கீபோர்டை அழுத்தி ஆன் செய்வதும், அணைந்த நிலையில் யூஎஸ்பி சார்ஜிங்கும் நின்றுபோகலாம். அது வேண்டுமென்றால், அணைந்த நிலைக்கான லைட் செட்டிங்கை பயாஸிலோ சாஃப்ட்வேரிலோ தனியாக ஆஃப் செய்யுங்கள்.

12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே நிறத்தில் ஓட்ட

இரண்டு ஹெடரும் போர்டில் இருந்தால் அதனதன் ஹெடரில் மாட்டி சாஃப்ட்வேரில் சிங்க் செய்வதே சுத்தமான வழி. 12 வோல்ட் ஹெடர் இல்லாவிட்டால் ஏஆர்ஜிபி சிக்னலைப் படித்து 12 வோல்ட் ஆர்ஜிபியாக மாற்றித்தரும் சின்னக் கன்வெர்ட்டர் பெட்டி கிடைக்கும். அதற்குத் தனியாக 12 வோல்ட் பவர் கொடுக்க வேண்டும். பொதுவாக அது சங்கிலியில் ஒரு எல்இடியின் நிறத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. எனவே ஓடும் வானவில் வைத்தால் 5 வோல்ட் ஃபேன்களில் நிறம் சுற்றி வரும், 12 வோல்ட் ஃபேன் முழுசாக ஒவ்வொரு நிறமாக மாறிக்கொண்டிருக்கும். வெறும் பிளக் வடிவத்தை மட்டும் மாற்றும் கேபிளை 'கன்வெர்ட்டர்' என்று விற்பதும் உண்டு. உள்ளே சர்க்யூட் இல்லாத அந்தக் கேபிள் 5 வோல்ட் ஃபேனைக் கொண்டுபோய் 12 வோல்ட்டில் சேர்த்துவிடும். நிறம் துல்லியமாகப் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபேனுக்கும் வெள்ளையைத் தனியாகச் சரிசெய்யுங்கள்: நீலம் தூக்கலாக இருக்கும் ஃபேனில் நீலத்தின் மதிப்பை 255-லிருந்து 200 வாக்கில் இறக்கி, பக்கத்து ஃபேனோடு ஒப்பிட்டுக்கொண்டே நகர்த்துங்கள்.